பொத்தான்களை அப்புறம் வரையலாம், முதலில் நாற்காலி

கற்பனை விண்கலத்தின் பிரிட்ஜை, அதாவது கேப்டனும் குழுவும் உட்கார்ந்து கப்பலை ஓட்டும் அறையை, வரைய ஆசைப்படுகிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறோம்: நடுவில் பெரிய ஸ்கிரீன், சுற்றி மினுமினுக்கும் பொத்தான்கள். நானும் அப்படித்தான். இரண்டு வாரம் பொத்தான் பொத்தானாகப் போட்டு முடித்த படத்தை நண்பனிடம் காட்டினேன், அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "கேப்டன் எந்த வழியா வந்து உட்கார்ந்தாரு?" என்று கேட்டான். பார்த்தால், நாற்காலிக்கு மூன்று பக்கமும் கன்சோல் (பொத்தான்களும் திரைகளும் பதித்த மேசை), நாலாவது பக்கம் சுவர். மனிதர் கூரையைப் பிய்த்துக்கொண்டுதான் இறங்கியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் முதலில் வரைவது தரைப்படம், அதாவது மேலிருந்து பார்த்தால் அறை எப்படித் தெரியும் என்பது. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம், வட்டத்திலிருந்து அவர் பார்க்கும் திசைக்கு ஒரு அம்புக்குறி. கேப்டனுக்கு யார் முகம் தெரிய வேண்டும், யார் முதுகு தெரிந்தால் போதும், ஓட்டுபவருக்கும் ஆயுதம் பார்ப்பவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம், கதவு யார் முதுகுக்குப் பின்னால் திறக்கிறது என்று இதிலேயே பாதிக் கதை முடிவாகிவிடும். எல்லோரும் கேப்டனை நோக்கி உட்கார்ந்தால் அது தர்பார். எல்லோரும் ஸ்கிரீனை நோக்கி உட்கார்ந்தால் விமானத்தின் காக்பிட். எந்தக் கப்பலை வரைகிறோம் என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

அளவுகளை உடம்பிலிருந்து எடுங்கள். நாற்காலி உட்காரும் இடம் 45 செ.மீ. உயரம், மேசைப் பரப்பு 72 முதல் 75, உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 120, கை எட்டுவது 60 முதல் 70, ஒருவர் சிரமமில்லாமல் நடக்க 90. இந்த ஐந்து எண்களை மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும். கை எட்டாத இடத்தில் ஒரு பொத்தான் இருந்தால், அது அவசரத்துக்கு அழுத்தும் பொத்தானாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி.

ஏற்கெனவே இருக்கும் தொடரின் கப்பலை வரைகிறீர்கள் என்றால் இன்னொரு தலைவலி உண்டு. திரையில் தெரிவது ஒரு செட், அந்த செட்டும் கப்பலின் வெளி மாடலும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. 1966-இல் வந்த ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்த வட்ட பிரிட்ஜ், கேமரா நுழைய வசதியாகத் துண்டு துண்டாகக் கழற்றும்படி கட்டப்பட்டது. அதில் லிஃப்ட் கதவு கேப்டனின் பின்னால் ஒரு பக்கமாக இருக்கிறது, வெளி மாடலிலோ லிஃப்ட் குழாய் மாதிரியான புடைப்பு சரியாகப் பின்புற நடுவில். விமானத் துறையில் வடிவமைப்பு வேலை பார்த்த ஃப்ரான்ஸ் ஜோசஃப், 1975-இல் வெளியான தன் கப்பல் வரைபடங்களில் இதற்கு ஒரு வழி கண்டார்: லிஃப்ட் கதவு பின்புற நடுவுக்கு வரும்படி பிரிட்ஜ் முழுவதையும் 36 டிகிரி திருப்பி வைத்துவிட்டார். அப்படியானால் கேப்டன் கப்பல் போகும் திசையைப் பார்க்காமல் கோணலாக உட்கார்ந்திருக்கிறாரா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் கோணல் கட்சி. உங்களுக்கு எது சரியோ அதைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் வரைவதற்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள், பாதியில் மாற்றினால் எல்லாக் கோடும் போச்சு.

சரி, பெர்ஸ்பெக்டிவ், அதாவது தள்ளி இருப்பதைச் சிறிதாக்கி ஆழம் தெரிய வரையும் முறை. பயப்பட ஒன்றுமில்லை. தொடுவானக் கோடு என்பது பார்ப்பவரின் கண் உயரம். கேப்டன் உட்கார்ந்தபடி பார்க்கும் காட்சி என்றால் கோடு 120 செ.மீ.யில் இருக்கும், ஆகவே அதே தரையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய கண்ணும், அவர்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும், ஏறத்தாழ அந்தக் கோட்டிலேயே வரும், நிற்பவர்களுக்கு அது நெஞ்சுக்குக் கிட்டத்தட்ட வெட்டும். தரை தாழ்ந்த பகுதியில் உட்கார்ந்தவர்களை மட்டும் அந்த அளவுக்குக் கீழே இறக்குங்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் ஆட்கள் மிதப்பது நின்றுவிடும்.

வட்ட அறை என்றால் நீள்வட்டம்தான் எமன். தரையில் வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரைந்து, சதுரத்தைப் பெர்ஸ்பெக்டிவில் சாய்த்து, அதற்குள் நீள்வட்டத்தை உட்கார வைப்பதுதான் பாதுகாப்பான வழி. ஒரு பொறி இருக்கிறது: நீள்வட்டத்தின் நடுப்புள்ளி அறையின் நடுப்புள்ளி அல்ல. அறையின் உண்மையான நடு, சதுரத்தின் மூலைவிட்டங்கள் வெட்டும் இடத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். கேப்டன் நாற்காலியை நீள்வட்டத்தின் நடுவில் போட்டால் அவர் நம் பக்கம் நகர்ந்து வந்துவிட்ட மாதிரி தெரியும், ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று கண்டுபிடிக்க முடியாது. தொடுவானக் கோட்டை நெருங்க நெருங்க நீள்வட்டம் தட்டையாகும், கோட்டுக்கு மேலே போனதும் கூரையின் அடிப்பக்கம் தெரியத் தொடங்கும். கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் நீள்வட்டத்துக்கும் வானிஷிங் பாயின்டுக்கும் (இணைகோடுகள் தூரத்தில் சேர்வதாகத் தெரியும் புள்ளி) உதவிக் கருவிகள் இருக்கின்றன, இலவசம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பெட்டிகளை அடுக்கி, கேமராவை வைத்து, அந்தப் படத்தின் மேல் வரைவதும் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் லென்ஸை ரொம்ப அகலமாக்காதீர்கள், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை பூசணிக்காய் ஆகிவிடும்.

இப்போது கன்சோல். மற்ற ரசிகர்களின் படங்களையே பார்த்து வரைந்தால் நகலின் நகல்தான் வரும், அதனால் நிஜக் கட்டுப்பாட்டு அறைகளைப் பாருங்கள்: நீர்மூழ்கிக் கப்பல், அணுமின் நிலையம், நாசாவின் ஷட்டில் விண்கலம். நாசாவின் படங்களைப் பெரும்பாலும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது கூடுதல் வசதி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் பலகை) சுவிட்சுக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த, சக்கரத்தை உள்ளிழுக்கும் சுவிட்சைத் தட்டி விமானத்தை வயிற்றில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றின் நுனியில் சிறு சக்கர வடிவமும் இன்னொன்றில் இறக்கை மாதிரி ஆப்பு வடிவமும் வைக்கச் சொன்னார், பிரச்சினை தீர்ந்தது. உங்கள் கப்பலிலும் நூறு ஒரே மாதிரிப் பொத்தான்களைவிட, கண்ணை மூடித் தடவினாலும் தெரிகிற நான்கு கைப்பிடிகள் அதிகம் நம்ப வைக்கும்.

இல்லை, எனக்குத் தொடுதிரைதான் வேண்டும் என்றால், 1987-இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடருக்கு மைக்கேல் ஒகுடா செய்ததைப் பாருங்கள். கருப்புப் பின்னணி, வளைந்த மூலைகள், சில நிறங்கள் மட்டும், பெரும்பாலும் பின்னால் விளக்கு வைத்த படச்சுருள்தான். அதில் பொடி எழுத்தில் ஜோக்குகளும் ஒளிந்திருக்கும். அதே முறையில் பேனலை முதலில் நேராக, தட்டையாக இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் வரைந்து, அப்புறம் பெர்ஸ்பெக்டிவில் சாய்த்து ஒட்டுங்கள். சாய்வாகவே எழுத்து வரையப் போனால் கை வலிதான் மிச்சம்.

வெளிச்சத்தில் பலரும் தவறுகிறோம். ஸ்கிரீன்கள் முகத்தைக் கீழேயிருந்து ஒளிரச் செய்யும், மூக்கின் நிழல் மேல்நோக்கி விழும். அபாய நேரச் சிவப்பு விளக்கைக் காட்ட முழுப் படத்தின் மேலும் ஒரு சிவப்பு லேயரைக் கவிழ்ப்பது சோம்பேறித்தனம். சிவப்பு வெளிச்சத்தில் நீலச் சீருடை கிட்டத்தட்டக் கருப்பாகும், சிவப்புச் சீருடை வெளிறித் தெரியும், தானாக ஒளிரும் ஸ்கிரீன்கள் தம் நிறத்தை விடவே விடாது. முன்னால் இருப்பது ஸ்கிரீனா, நிஜ ஜன்னலா என்பதையும் முடிவு செய்யுங்கள். ஜன்னல் என்றால் அறை இருட்டாக இருந்தால்தான் நட்சத்திரம் தெரியும், இல்லாவிட்டால் கண்ணாடியில் தெரிவது உங்கள் குழுவினரின் பிரதிபலிப்புதான்.

செயற்கை ஈர்ப்பு இல்லாத கப்பலா? அப்படியானால் நாற்காலிக்கே அவசியமில்லை, கால் மாட்ட வளையங்களும் கைப்பிடிகளும் எங்கே பார்த்தாலும் வெல்க்ரோவும் போடுங்கள்.

வண்ணம் பூசும் முன் படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள், சாய்ந்த கோடுகள் தானாகக் கண்ணில் குத்தும். அப்புறம் கதவில் விரலை வைத்து, ஒவ்வொரு நாற்காலி வரைக்கும் தரையிலேயே நகர்த்திக்கொண்டு போங்கள். விரல் எங்கேயாவது கன்சோலைத் தாண்டிக் குதிக்க வேண்டி வந்தால் ரப்பரை எடுங்கள்.