மேலே பூ, கீழே ஒழுக்கு: மலைநாட்டு டவுனில் உயர்வீதி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இளைஞர்கள் இருவர் ஒரு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மலைநாட்டு டவுன் ஒன்றில் கடைவீதிக்கு மேலே புதிதாக ஒரு வீதி வரப்போகிறது. உள்பக்கம் மலைச்சரிவில் ஒட்டியிருக்கும், வெளிப்பக்கம் தூண்களில் நிற்கும். கீழே இருக்கும் கடைகள் அப்படியே இருக்கும். மேலே நடைபாதை, இருக்கைகள், நடுவே 6 மீட்டருக்கு ஒன்றாகக் கொங்கிரீட் பெட்டிகளில் மரங்கள். படம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பல வருடங்களுக்கு முன்பு நான் போட்ட படமும் இதேதான், அந்த 6 மீட்டர் உட்பட.

அவர்களிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். குப்பைத்தொட்டி வையுங்கள், மின்கம்பிகளை ஒழுங்குபடுத்துங்கள், பிள்ளைகள் ஏறாத மாதிரிக் கம்பிவேலி போடுங்கள் என்பதெல்லாம் இதில் இல்லை. இந்த வேலைக்கு வருகிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

ஸ்லெப்பின் மேல் மரம்

என் வீதியில் எட்டுப் பெட்டிகள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் நீலமாகப் பூத்து நிற்கும் ஜக்கரண்டாவைப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்று நகரத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஜக்கரண்டா நன்றாகப் பூக்க ஒரு வறண்ட பருவம் வேண்டும். எங்கள் டவுனோ மேற்குச் சரிவில் இருக்கிறது. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர்வரை விடாது, அது ஓய்ந்ததும் ஒக்டோபர் இடிமழை. மரங்கள் பூக்கவில்லை. அதை யாரும் பெரிய குறையாகச் சொல்லவில்லை. குறை கீழேயிருந்துதான் வந்தது.

மூன்றாவது பெட்டிக்கு நேர்கீழே ஒரு தையல்கடை. தீபாவளிக்கு முன்பு, தோட்டங்களில் முற்பணம் கொடுத்த கையோடு ஜனம் துணி எடுத்துக்கொண்டு வந்து குவியும் கடை. அந்த ஒக்டோபரில் ஒரு பின்னேரம் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். போய்ப் பார்த்தேன். வெட்டி அடுக்கியிருந்த பாவாடைத் துணிகளின் மேல் செம்மண் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வயதானவர். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “தம்பி, நீங்க மேல பூ வைக்கிறதா சொன்னீங்க. எனக்குக் கீழ மழையல்லவா வச்சிட்டீங்க” என்றார். சண்டை பிடித்திருந்தால்கூட இவ்வளவு காலம் மனதில் நின்றிருக்காது.

என்ன நடந்தது? மேல் வீதியின் தரையான நீளமான கொங்கிரீட் ஸ்லெப்பை ஒரே துண்டாகப் போட மாட்டார்கள். பகல் வெயிலில் அது விரியும், ராத்திரிக் குளிரில் சுருங்கும். எங்கள் ஊரில் காலைப் பனிக்கும் பதினொரு மணி வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இடைக்கிடை ஒரு வெட்டு விட்டு, அதில் ரப்பரோ வேறு நெகிழும் பொருளோ வைத்து அடைப்பார்கள். ஜொயின்ட் என்பது அதுதான். அது தினமும் அசையும், அசையத்தான் வேண்டும். நான் பெட்டிகளை 6 மீட்டருக்கு ஒன்றாக வரிசை பிடித்தபோது மூன்றாவது பெட்டி சரியாக ஒரு ஜொயின்டின் மேல் குந்திக்கொண்டது. அது எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எஞ்சினியரின் தாள் வேறு, என் தாள் வேறு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் வரிசை கெடுமே என்று விட்டுவிட்டேன். காகிதத்தில் வரிசை அழகாக இருந்தது.

பெட்டிக்குள் விரித்த நீர்த்தடுப்புத் தாள் அந்தக் கோட்டில் கிழிந்துவிட்டது. தினமும் இழுபட்டால் எதுவும் கிழியும். மண்ணில் ஊறிய தண்ணீர் நேரே ஜொயின்டுக்குள் இறங்கி, அங்கிருந்து தையல் மெஷினுக்குப் போனது. திருத்துவதற்கு மரத்தைப் பிடுங்கி, மண்ணை வாளி வாளியாக அள்ளி, பெட்டியை உடைத்து, ஜொயின்டைத் திரும்ப அடைத்து… புதிதாகச் செய்வதைவிடத் திருத்துவதற்குத்தான் கூடுதலாகச் செலவானது. துணிகளுக்கு நட்டஈடு தனி. அந்தப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஓர் இருக்கை கிடக்கிறது. வரிசை எப்படியும் கெட்டுத்தான் போனது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: பாரம். சனம் நெருக்கமாக நிற்கும் இடத்துக்கு எஞ்சினியர்மார் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ என்று எடுத்து ஸ்லெப்பைக் கணக்கிடுவார்கள். நனைந்த மண் ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் சதுர மீட்டருக்கு 1,800 முதல் 2,000 கிலோ வரை வரும். திருவிழாக் கூட்டத்தைப்போல் நான்கு மடங்கு பாரம், ராப்பகலாக, ஒரே இடத்தில். பெட்டியின் எடையும் மரத்தின் எடையும் அதற்கு மேல். பாரத்தைக் குறைக்கத் தும்புத்தூள் கலக்கிறோம் என்பார்கள். கலக்கலாம். ஆனால் தும்புத்தூள் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொள்ளும் சாமான். காய்ந்ததை நிறுத்துக் கணக்குப் போடாதீர்கள், ஜூன் மாதத்து எடையைப் போடுங்கள்.

எல்லாருடைய போனிலும் நியூயோர்க்கின் ஹைலைன் படம் இருக்கிறது. அந்த இளைஞர்களிடமும் இருந்தது. அது 1934இல் சரக்கு ரயில் ஓடத் திறந்த பாதை. சாமான் நிறைந்த பெட்டிகளைத் தாங்கக் கட்டிய இரும்பு. பிறகு ரயில் நின்றுபோய், 2009இல் அதன் முதல் பகுதி பூங்காவாகத் திறக்கப்பட்டது. மண் சுமக்க அதற்கு முதுகெலும்பு முதலிலேயே இருந்தது. மனிதர் நடக்க மட்டும் போட்ட ஸ்லெப்பில் அந்தப் படத்தை ஒட்டவைக்க முடியாது.

அப்படியென்றால் மரமே கூடாதா என்று அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். கூடும், வேறு இரண்டு இடங்களில். ஒன்று, உள்பக்கம். அங்கே நிஜமான மலை இருக்கிறது, நிஜமான மண் இருக்கிறது. வெளிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், மலையும் தேயிலையும் தெரிவதற்காகத்தானே ஜனம் மேலே ஏறி வருகிறது. இரண்டாவது, கீழ் வீதியின் தரை. அங்கே மரத்தை நட்டு, ஸ்லெப்பில் வட்டமாக ஒரு திறப்பு விட்டால் தலை மேல் வீதியில் வந்து விரியும். வேருக்குப் பூமி, மேலே நடக்கிறவருக்குக் கிளை, கீழே இருப்பவருக்கு அந்தத் திறப்பின் வழியாக வெளிச்சம். திறப்பை மட்டும் முதலிலேயே எஞ்சினியரிடம் சொல்லிவிட வேண்டும். ஸ்லெப் இறுகிய பிறகு துளைக்கச் சொன்னால் அவர் உங்களைப் பார்க்கும் பார்வை வேறு மாதிரி இருக்கும்.

ஸ்லெப்பின் மேலேயே பச்சை வேண்டும் என்றால் 30 சென்டிமீட்டர் மண்ணில் வாழும் புல், சிறு பூச்செடி போதும். அதற்கும் ஜொயின்டை விட்டு விலகி நில்லுங்கள். பெட்டிக்குள் நீர்த்தடுப்பு, அதன்மேல் வேர் துளைக்காத ஒரு படை, அதன்மேல் கல், துணி, பிறகுதான் மண். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வடிகால் துளை. மண் போடுவதற்கு முன்பு துளைகளை அடைத்து, தண்ணீர் நிரப்பி, இரண்டு முழு நாள் நிற்கவிட்டுக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். கொந்தராத்துக்காரர் நேரமில்லை என்பார். அந்த இரண்டு நாளை விட்டுக்கொடுத்தவன் நான்.

கீழ் வீதியை மறப்பது

மேல் வீதியின் தரைதான் கீழ் வீதியின் கூரை. மேலிருந்து வரையும்போது இது கண்ணில் படாது. கீழே கடை வைத்திருப்பவர் மட்டும் மதியம் பன்னிரண்டு மணிக்கு பல்ப் போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் ஈரத்துக்கு, வெயில் படாத சுவரில் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். ஸ்லெப்பின் அடிப்பகுதிக்கு வெள்ளை அடியுங்கள், பாதி இருட்டு போய்விடும். ஸ்லெப்புக்கும் பழைய கட்டடங்களுக்கும் நடுவே கொஞ்சமாவது இடைவெளி விடுங்கள். ஸ்லெப்பின் வெளி விளிம்பில், அடிப்பக்கமாக, விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வந்து கடை வாசலில் சொட்டும். மேசன் பாஸ்மாருக்கு இது நன்றாகத் தெரியும். படத்தில் இல்லாததால் செய்ய மாட்டார்கள்.

மலைப்பக்கத்துத் தண்ணீர்

என் தாத்தா தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர். மழை மலையில் இறங்கி வரும் வேகத்தை அவர் கைக்கணக்காகவே சொல்வார். வீதிக்காகச் சரிவை வெட்டினால், வெட்டின தலைக்கு மேலே முதலில் ஒரு கான் வேண்டும். தாங்குமதிலில் நீர் கசியத் துளைகள் வேண்டும். அவற்றின் பின்னால் கல் நிரப்ப வேண்டும். அழகுக்கென்று மதிலில் ஓடு ஒட்டும்போது இந்தத் துளைகளை மூடிவிடுகிறார்கள். நானே இரண்டு இடத்தில் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் மதில் முதலில் வயிறு தள்ளும், பிறகு விழும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களின்மேல் மண் இறங்கியதை மறக்காத ஆட்கள் நாம். மண்சரிவு அபாயம் பார்த்துத் தரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அனுமதியை ஒரு கடதாசி வேலையாக நினைக்காதீர்கள். முதலில் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், மரத்தின் நிறத்தைப் பிறகு பேசலாம்.

பளபளக்கும் டைல்ஸ்

வேண்டாம்.

கொழும்பைப் பார்த்து நிழல் போடுவது

கொழும்பில் ஜனம் நிழலைத் தேடி ஒதுங்கும். இங்கே காலையில் சுவெட்டரோடு வெயிலைத் தேடி நிற்கும். நமக்கு வேண்டியது மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. அதையும் தவறாகவே போடுகிறார்கள்: 4 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம், பார்க்கக் கம்பீரம். சாய்ந்து வரும் மழையில் தூவானம் முழங்கால்வரை நனைக்கும், கூரை பெயருக்குக் கூரையாக நிற்கும். இரண்டே முக்கால் மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். பஸ் தரிப்பிடத்திலிருந்து மரக்கறிச் சந்தைவரை இடையில் விட்டுப்போகாமல் போடுங்கள். நடுவில் பத்து மீட்டர் விட்டால் எல்லாரும் நனைவது அந்தப் பத்து மீட்டரில்தான்.

உயரமான வெள்ளை விளக்கு

பனி மூட்டத்தில் உயரமான கம்பத்து விளக்கு தன்னைச் சுற்றி ஒரு வெள்ளை உருண்டையை மட்டும் காட்டும், தரை தெரியாது. இடுப்பளவு உயரத்தில், மஞ்சள் கலந்த விளக்கு வையுங்கள். படி இருக்கும் இடத்தில் படிக்கே ஒன்று.

படிக்கட்டோடு முடித்துக்கொள்வது

சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 1:12 கணக்கு. கீழ் வீதிக்கும் மேல் வீதிக்கும் 5 மீட்டர் என்றால் 60 மீட்டர் நீளம், இளைப்பாறும் தட்டுகள் அதற்கு மேல். இடமில்லை என்று கைவிடுவதற்கு முன்பு மலையைப் பாருங்கள். மலைநாட்டில் பழைய வீதி எங்கேயோ ஓரிடத்தில் வளைந்து ஏறி மேல் வீதியின் மட்டத்துக்கு வந்துதான் தீரும். அந்த இடத்தில் இணைத்தால் சாய்தளமே தேவைப்படாமல் போகலாம். என் படத்தில் இதை எனக்குக் காட்டியவர் சந்தையில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமை. 50 கிலோ கோவா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, “சேர், அந்த வளைவால வந்தா படியே ஏறத் தேவையில்லையே” என்றார். அவருக்கு வழி தெரிந்திருந்தது, எனக்குத் தாள்தான் தெரிந்திருந்தது.

இரும்புக் கைப்பிடி

ஜனவரிக் காலையில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.

வடிகாலின் சாவி

நுழைவாயில் கல்வெட்டில் பலருடைய பெயர்கள் இருக்கும். வடிகால் துளையில் அடைத்த இலையை யார் எடுப்பது என்று மட்டும் எங்கும் எழுதியிருக்காது. என் வீதியில் இரும்பு மூடிகளைப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டோம். அடுத்த ஒக்டோபரில் துளை அடைத்து, மேல் வீதியில் கணுக்கால்வரை தண்ணீர். நகர சபைக்குப் போன் எடுத்தால், சாவி கொந்தராத்துக்காரரிடம் என்றார்கள். அவருடைய போன் வேலை செய்யவில்லை. மழையில் நனைந்தபடி, தையல்கடைக்காரர் தன் கடைச் சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார். பூட்டு நல்ல பூட்டு. உடைக்க இருபது நிமிடம் எடுத்தது.