புரோமினுக்கு ஒரு புள்ளிக்கோடு: ஹாலஜன் பிணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களின் ஸ்லைடுகளில், புரோமினுக்கும் புரதத்தின் கார்பனைல் ஆக்சிஜனுக்கும் நடுவே புள்ளிக்கோடு ஒன்று தவறாமல் இருக்கும்: இங்கே ஹாலஜன் பிணைப்பு, அதாவது ஹாலஜனின் சிக்மா துளைக்கும் ஆக்சிஜனின் எதிர்மின்னுக்கும் இடையிலான ஈர்ப்பு, இருக்கிறது என்று. நானும் அப்படிக் கோடு போட்டவன்தான். சிக்மா துளை எல்லோருக்கும் தெரிந்ததே: கார்பன்–ஹாலஜன் பிணைப்பின் நேர்நீட்சியில், ஹாலஜனின் முனையில் உள்ள நேர்மின் பகுதி. அதை விளக்கப்போவதில்லை.

ஃபுளோரினையும் சேர்த்துக்கொள்வது

வேண்டாம். அதற்கு அந்தத் துளை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளோரின், புரோமின், அயோடின் என்றுதான் வலு ஏறும்.

தூரத்தை மட்டும் அளப்பது

அயோடின்–ஆக்சிஜன் தூரம் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் மட்டும் போதாது. கார்பன்–அயோடின்–ஆக்சிஜன் கோணம் 180 டிகிரியை ஒட்டி வர வேண்டும். 120 டிகிரியில் நிற்கும் ஹாலஜன் தன் எதிர்மின் விலாவைத்தான் ஆக்சிஜனுக்குக் காட்டுகிறது.

வீரியம் கூடினாலே ஹாலஜன் பிணைப்பு என்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு குழுவில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுப் புரோமினை வைத்தார்கள். வீரியம் 10 மடங்கு ஏறியது. படிக அமைப்பு (எக்ஸ்-கதிரால் கண்டறியும் அணு அமைப்பு) கையில் இல்லை, டாக்கிங் படம் (மூலக்கூறைப் புரதத்தில் கணினியில் பொருத்திப் பார்த்த படம்) மட்டும் இருந்தது. துளையை வலுவாக்குகிறோம் என்று வளையத்தில் ஃபுளோரின், சயனோ என்று மாற்றி மாற்றி மாதக்கணக்கில் சேர்மங்கள் செய்தார்கள். வீரியம் அசையவே இல்லை. புரோமின் ஒரு நீர்வெறுப்புக் குழியை நிரப்பியிருந்தது, அவ்வளவுதான். 10 மடங்கு என்பது ஏறத்தாழ 1.4 கிலோகலோரி, அதற்கு ஹாலஜன் பிணைப்பு தேவையே இல்லை.

முதல் வாரமே மெத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அளவில் குளோரின், புரோமினுக்கு நெருக்கம், நீர்வெறுப்பும் உண்டு, சிக்மா துளை கிடையாது. மெத்திலும் அதே வீரியத்தைத் தந்தால் கோட்டை அழித்துவிடுங்கள். (மெத்தில் வளையத்துக்கு எலக்ட்ரானைத் தள்ளும் என்பதால் இது குறையற்ற சோதனை அல்ல. ஆனாலும் மலிவு.)

டாக்கிங் படத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். பழைய விசைப்புலங்கள் (அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடும் சூத்திரத் தொகுப்புகள்) ஹாலஜனின் மையத்தில் ஒரே எதிர்மின் சுமையை வைக்கின்றன. அந்தக் கணக்கில் ஆக்சிஜன் விலக்கப்படும். அணுவுக்கு வெளியே கூடுதல் நேர்மின் புள்ளி வைக்காத நிரலில் உங்கள் கோட்டுக்கு ஆதாரம் கிடையாது.

ஆதாரம் எப்படி இருக்கும் என்றால், ட்ராமெடினிப் வகை எம்இகே (MEK என்ற நொதி) தடுப்பான்களைப் பாருங்கள். அவற்றின் அயோடின் எம்இகே1 புரதத்தின் வாலின் (valine) என்ற 127-ஆவது அமினோ அமிலத்தின் முதுகெலும்புக் கார்பனைலை நோக்கி நிற்பது படிக அமைப்புகளிலேயே தெரியும்.

அயோடினிலேயே தங்கிவிடுவது

அணு எடை 127. கொழுப்பு நாட்டமும் ஏறும். கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படிகத் தரவில் மங்கிய எலக்ட்ரான் அடர்த்தியைத் தவறாகப் படிப்பது

சின்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் கார்பன்–அயோடின், கார்பன்–புரோமின் பிணைப்புகளை உடைக்கக்கூடியது. ஹாலஜன் இருக்க வேண்டிய இடம் மங்கலாகத் தெரிந்தால், 'மூலக்கூறு அசைகிறது' என்று எழுதுமுன் வேறொரு படிகத்தில், குறைந்த கதிரளவில் மறுபடி தரவு எடுங்கள்.