பட்டாளத்துப் பென்ஷனும் இ.சி.ஹெச்.எஸ். கார்டும்: பாலக்காட்டு எல்லையில் அடிக்கடி எழும் கேள்விகள்

எந்த ஊர் பாலிகிளினிக்குக்குப் போகலாம்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இ.சி.ஹெச்.எஸ். என்பது முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவத் திட்டம், 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. மாநில எல்லை அதற்குக் கிடையாது. இந்தத் திட்டத்தின் 64 கே.பி. ஸ்மார்ட் கார்டு கையில் இருந்தால் பாலக்காட்டிலும் காட்டலாம், கோவையிலும் காட்டலாம். சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு மட்டும் பெயர் பதிந்த பாலிகிளினிக்கையே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இருப்பில் இல்லை என்றால் சீட்டில் என்.ஏ. (கையிருப்பில் இல்லை) என்று முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மாநில அரசு தரும் உதவிகள் வேறு கணக்கு. வீடு கேரளத்தில் என்றால் பாலக்காடு ஜில்லா சைனிக் அலுவலகம் (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்). பொள்ளாச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டால் பதிவையும் கோவைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

யார் யாருக்குக் கார்டு கிடைக்கும்?

மனைவிக்கு உண்டு. மகனுக்கு 25 வயது வரை, அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கினாலோ கல்யாணம் ஆனாலோ அதுவரை. மகளுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும் வரை. அப்பா அம்மா உங்களோடு வசித்து, இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 9,000 ரூபாயும் அதற்கான பஞ்சப்படியும் தாண்டாமல் இருந்தால் அவர்களுக்கும் உண்டு. கல்யாணமான மகளின் கார்டை ‘இருக்கட்டும்’ என்று வைத்துக்கொண்டு வைத்தியம் பார்த்தால், செலவை உங்களிடமே வசூலிப்பார்கள்.

சேர ஒரே முறை கட்டும் தொகை: ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ. (சுபேதார் வரிசை) 67,000, அதிகாரிகள் 1,20,000. ஆஸ்பத்திரியில் ஜெனரல் வார்டா, இரண்டு பேர் அறையா, தனி அறையா என்பதும் இதே வரிசைதான். மேல் வகுப்பு அறை கேட்டால் கூடுதல் காசு உங்கள் கையிலிருந்து போகும்.

ராத்திரி நெஞ்சுவலி வந்தால்?

அருகில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரெஃபரல் (பாலிகிளினிக் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு) தேடி அலைய வேண்டாம். இ.சி.ஹெச்.எஸ். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் சேர்க்கும்போதே கார்டைக் காட்டுங்கள். மற்ற தகவலை 48 மணி நேரத்துக்குள் அவர்களே ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும். முன்பணம் கேட்கக் கூடாது.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் அந்த 48 மணி நேரம் உங்கள் பொறுப்பு. அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு வீட்டார் யாராவது தகவல் சொல்ல வேண்டும். போனில் சொன்னாலும், மறுநாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். எமர்ஜென்சி சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, இனம் பிரித்த ஒரிஜினல் பில்கள் எல்லாம் வேண்டும். பணம் சி.ஜி.ஹெச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விகிதத்தில்தான் திரும்பி வரும். மீதி நம் செலவு. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனை இப்படிப் பட்டியலுக்கு வெளியே செய்துகொண்டால் அதுவும் வராது.

இன்னொன்று: பட்டியலில் இருக்கிறது என்றால் எல்லா வைத்தியத்துக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும் ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்கு முழங்காலைக் காட்டப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. ரெஃபரல் எழுதும்போதே எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்குங்கள்.

லைஃப் சர்டிபிகேட் கொடுத்தும் பென்ஷன் ஏன் நிற்கிறது?

பெரும்பாலும் அக்ஷயா மையத்து (கேரளத்து இ-சேவை மையம்) கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கட்டத்தைத் தவறாகத் தேர்ந்திருப்பார்கள். பட்டாளத்துப் பென்ஷனுக்கான ஆன்லைன் தளமான ஸ்பர்ஷுக்குப் பென்ஷன் மாறிய பிறகும், லைஃப் சர்டிபிகேட் பதியும் ஜீவன் பிரமாண் பக்கத்தில் ‘பென்ஷன் வழங்குபவர்’ என்ற இடத்தில் பழைய பழக்கத்தில் பாங்கின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே வர வேண்டியது ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ், அலகாபாத்’. பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண்ணும் பழையது அல்ல, ஸ்பர்ஷ் கொடுத்த 12 இலக்க எண். பட்டன் அழுத்தும் முன் இரண்டையும் நீங்களே திரையில் பாருங்கள்.

தேங்காய் உரித்தும் மண்வெட்டி பிடித்தும் ரேகை தேய்ந்த விரலை மெஷின் எடுக்காது. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்துப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் போனில் ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் ஏற்றி, வெளிச்சத்தில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினால் போதும். நடக்க முடியாதவர் வீட்டுக்கு போஸ்ட்மேன் வருவார், கட்டணம் 70 ரூபாய்.

மனைவி பெயர் எழுத்து மாறியிருந்தால்?

இதைத் தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம், நீங்கள் போன பிறகு அந்த அம்மாவை மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

பட்டாளத்துப் பதிவில் ‘டி.ஐ.’ என்று முடியும் சரஸ்வதி, ஆதாரில் ‘டி.ஹெச்.ஒய்.’ என்று முடிவாள். நம் பக்கத்து ஆதாரில் மலையாளத்தில் சரியாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒப்பிடுவது இங்கிலீஷ் எழுத்தை மட்டும்தான். ஸ்பர்ஷில் இ-பி.பி.ஓ.வை இறக்கிப் பிரின்ட் எடுத்து, ஆதார், பான், டிஸ்சார்ஜ் புக், பாங்கு பாஸ்புக் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

தவறு ஆதாரில் என்றால் சுலபம். ஆனால் அதில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும்; யோசித்துச் செய்யுங்கள். தவறு சர்வீஸ் பதிவில் என்றால் அஃபிடவிட், கல்யாணச் சான்று, ஜோடி போட்டோ, டிஸ்சார்ஜ் புக் நகல் ஆகியவற்றோடு சைனிக் அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) பெங்களூரு, டி.எஸ்.சி.க்குக் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) கண்ணூர்.

மனைவியின் பிறந்த தேதி காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பப் பென்ஷன் 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40 என்று கூடும். தேதி இல்லாவிட்டால் வயதை எதை வைத்துக் கணக்கிடுவது?

பென்ஷன் கணக்கை மனைவியோடு ஜாயின்ட் அக்கவுன்டாக மாற்றிவிடுங்கள். குடும்பப் பென்ஷனும் அதிலேயே வரும். வீட்டில் ஒன்று சொல்லி வையுங்கள்: இறந்த தேதிக்குப் பிறகு ஏறும் பென்ஷனை ஏ.டி.எம்.மில் எடுக்கக் கூடாது. அதைப் பின்னால் பிடித்துக்கொள்வார்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் ஸ்பர்ஷில் தெரிவிக்க வேண்டும்.