ஸ்போர்ட்ஸ் காருக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? முதன்முறையாக வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

டொயோட்டா ஜிஆர்86 காரைத்தான் வாங்குவது என்று முடிவு செய்த பிறகும், அதில் எந்த கியர்பாக்ஸை எடுப்பது என்பதை முடிவு செய்ய எனக்கு நெடுநாள் பிடித்தது. இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை "மேனுவலில்தான் உயிர் இருக்கிறது", "ஆட்டோமேட்டிக்தான் வேகம்" என்ற பொதுப் பேச்சாகவே இருக்கின்றன. இரண்டும் சில கார்களுக்குப் பொருந்தும், சில கார்களுக்குப் பொருந்தாது. போர்ஷே 911 ஜிடி3 காரின் 2021ஆம் ஆண்டு மாடலில் பிடிகே ஆட்டோமேட்டிக் 3.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடுகிறது, மேனுவலுக்கு 3.9 விநாடி ஆகிறது. ஜிஆர்86 காரில் நிலைமை தலைகீழ்: மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட மேனுவலுக்கு 6.1 விநாடி, ஆட்டோமேட்டிக்குக்கு 6.6 விநாடி என்று டொயோட்டாவே அறிவித்திருக்கிறது. ஆகவே, பொதுவாக எது சிறந்தது என்று தேடுவதை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கவிருக்கும் அந்த ஒரு மாடலில் எது சிறந்தது என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே தருகிறேன். கிளட்ச் எப்படி வேலை செய்கிறது, கியர் எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்

இது சிறிய வேலைதான், ஆனால் முதலில் முடிக்க வேண்டியது. ஃபெராரி 458 இட்டாலியா 2009இல் வந்தபோதே அதில் மேனுவல் கிடையாது. செவர்லே கார்வெட்டின் எட்டாம் தலைமுறையிலும் மேனுவல் இல்லை. டொயோட்டா ஜிஆர் சூப்ரா 2019இல் ஆட்டோமேட்டிக்காக மட்டுமே வந்தது, ரசிகர்கள் தொடர்ந்து கேட்ட பிறகு 2023 மாடலில் மேனுவல் சேர்க்கப்பட்டது. போர்ஷே 911இல் எந்த வகையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே கியர்பாக்ஸ் அமையும். ஜிடி3 ஆர்எஸ் பிடிகேயில் மட்டும்தான் கிடைக்கும், ஜிடி3 இரண்டிலும் கிடைக்கும். மாடல் ஆண்டையும் வகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

படி 2: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இரண்டு வகைகள் உள்ளன. முதலாவது டார்க் கன்வெர்ட்டர். இதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே எண்ணெய் வழியாக விசை கடத்தப்படுவதால் ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் கார் மிருதுவாக நகரும். ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5, சூப்ரா, இப்போதைய பிஎம்டபிள்யூ எம்2 ஆகியவை இந்த வகை. இரண்டாவது டூயல் கிளட்ச். அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாற்றம் நொடிப்பொழுதில் முடிகிறது. போர்ஷேயின் பிடிகே, கார்வெட்டின் எட்டு கியர் பெட்டி ஆகியவை இந்த வகை.

இதில் என் கருத்து உறுதியானது. நெரிசலில் தினமும் ஓட்டப்போகும் காருக்கு நான் டார்க் கன்வெர்ட்டரைத்தான் பரிந்துரைப்பேன். டூயல் கிளட்ச் என்றால், கிளட்சுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈர வகையாக இருக்க வேண்டும். உலர் கிளட்ச் வகை நெரிசலில் ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே நீண்ட நேரம் இருப்பதால் சூடேறுகிறது. சந்தேகம் இருந்தால் டீலரிடம் "ஈரமா, உலர்ந்ததா" என்று நேராகவே கேளுங்கள்.

படி 3: இரண்டு விவரப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்

நான் அதிக நேரம் சிக்கிக்கொண்ட படி இதுதான். காணொளி விமர்சனங்கள் பலவற்றைப் பார்த்தும் கிடைக்காத தெளிவு, உற்பத்தியாளர் வெளியிடும் விவரப் பட்டியலில் கிடைத்தது. ஒரே காரில் கியர்பாக்ஸ் மட்டும்தான் மாறுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதோடு சேர்ந்து இன்னும் பல மாறுகின்றன.

சில உதாரணங்களைச் சொல்கிறேன். ஜிடி3இல் பிடிகே எடுத்தால் மின்னணுவால் கட்டுப்படுத்தப்படும் டிஃபரன்ஷியல் லாக் வரும், மேனுவலில் இயந்திர வகை லிமிடெட் ஸ்லிப் வரும் (இரண்டுமே, பிடி இழந்த ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்துபவை). அமெரிக்காவில் விற்கும் எம்எக்ஸ்-5இல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டுமானால் மேனுவல்தான் எடுக்க வேண்டும். பிஎம்டபிள்யூ எம்2இன் 2025 மாடலில் ஆட்டோமேட்டிக்குக்கு 600 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) தரப்பட்டிருக்கிறது, மேனுவலுக்கு 550 மட்டுமே. சூப்ராவில் மேனுவல் வந்தபோது ஃபைனல் டிரைவ் விகிதம் (கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள கடைசிப் பல்சக்கரங்களின் விகிதம்) 3.15இலிருந்து 3.46ஆக மாற்றப்பட்டது. இவை அனைத்தும் ஓட்டும்போது உணரக்கூடிய வேறுபாடுகள்.

இவற்றில் தொடக்கநிலையில் இருப்போர் தாண்டிப் போய்விடுவது கியர் விகிதங்களைத்தான். அந்த எண்களை எப்படிப் படிப்பது என்று ஜிஆர்86ஐ வைத்தே காட்டுகிறேன். இதற்கென்று இணையத்தில் கணிப்பான்கள் இருந்தாலும், கூகுள் ஷீட்டில் நீங்களே போட்டுப் பார்ப்பதையே நான் விரும்புவேன், ஏனெனில் கணக்கைக் கையால் செய்தால்தான் எண்ணின் பொருள் மனதில் நிற்கும்.

முதலில் டயரின் சுற்றளவு வேண்டும். 215/40 ஆர்18 டயரின் விட்டம் ஏறத்தாழ 629 மி.மீ., சுற்றளவு 1.98 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 1,667 மீட்டர். அதை 1.98ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 843 முறை சுற்றுகிறது என்று வரும். இந்த எண்ணைக் கியர் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் பெருக்கினால் எஞ்சினின் ஆர்பிஎம், அதாவது அது நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது, கிடைத்துவிடும்.

மேனுவலில் ஆறாவது கியர் 0.767, ஃபைனல் டிரைவ் 4.1. ஆகவே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 2,650 ஆர்பிஎம்மில் சுற்றும். ஆட்டோமேட்டிக்கில் ஆறாவது கியர் 0.582, ஃபைனல் டிரைவ் 3.909. அதே வேகத்தில் ஏறத்தாழ 1,920 ஆர்பிஎம்தான். நெடுஞ்சாலையில் நாள்தோறும் போய்வருபவருக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிது: ஆட்டோமேட்டிக்கில் சத்தம் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும்.

இப்போது மலைப்பாதைக்கு வருவோம். மூன்றாவது கியரில், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வளைவிலிருந்து வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் எஞ்சின் ஏறத்தாழ 3,200 ஆர்பிஎம்மில் இருக்கும். இந்த எஞ்சினின் உச்ச டார்க் 3,700 ஆர்பிஎம்மில் கிடைப்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் துடிப்பாக எழும். ஆட்டோமேட்டிக்கில் அதே இடத்தில் ஏறத்தாழ 2,780 ஆர்பிஎம்தான் இருக்கும். அதோடு, எஞ்சின் தரும் டார்க் சமமாகவே இருந்தாலும், விகித வேறுபாட்டால் மேனுவலில் சக்கரத்துக்குப் போகும் விசை 15 விழுக்காடு கூடுதல். ஆட்டோமேட்டிக்கில் அதே துடிப்பு வேண்டுமானால் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும், அப்போது ஆர்பிஎம் 4,000ஐத் தாண்டிவிடும். மேனுவல் ஏன் வேகமாக இருக்கிறது என்பதற்கான விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எட்டு கியர் உள்ள எம்2இலோ சூப்ராவிலோ ஆட்டோமேட்டிக்குக்கு இந்தக் குறை கிடையாது, கியர்கள் நெருக்கமாக இருப்பதால் எஞ்சினை எப்போதும் நல்ல இடத்தில் வைத்திருக்க முடிகிறது.

இதே கணக்கால் மேனுவலின் குறையும் வெளிப்படும். போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 காரின் மேனுவலில் கியர்கள் மிக நீளமானவை, இரண்டாவது கியரிலேயே மணிக்கு 130 கி.மீ. அளவுக்குப் போய்விடும். சாதாரணச் சாலையில் கியர் மாற்றும் இன்பத்துக்காக மேனுவல் வாங்குபவருக்கு, மாற்றுவதற்கான வாய்ப்பே அதில் குறைவு.

படி 4: நீங்கள் உண்மையில் ஓட்டும் சாலைகளை எழுதுங்கள்

வாரத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். நான் வசிப்பது கலிபோர்னியாவின் பே ஏரியா. வார நாள் மாலையில் 101ஆம் நெடுஞ்சாலையில் மவுண்டன் வியூவிலிருந்து சான் ஹோசே நோக்கி வந்தால் முதல் கியரும் கிளட்சுமாகத்தான் நேரம் போகும். வார இறுதியில் சரடோகாவிலிருந்து 9ஆம் எண் சாலையில் ஏறி ஸ்கைலைன் பூலவார்டைப் பிடித்தால், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே கை ஓயாது. எனக்கு வாரத்தில் பெரும்பாலான நாள்கள் வீட்டிலிருந்தே வேலை என்பதால் இரண்டாவது சாலைக்கே அதிக எடை கொடுத்தேன். தினமும் 101இல் நிற்க வேண்டியவர் எடையை மாற்றிப் போட வேண்டும், அதில் தயக்கம் தேவையில்லை.

படி 5: டெஸ்ட் டிரைவை நீங்கள் நடத்துங்கள்

டீலர் அழைத்துச் செல்லும் வழி பெரும்பாலும் நல்ல சாலையாகவும் போக்குவரத்து இல்லாத நேரமாகவும் இருக்கும். இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே வழியில், மாலை நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிறார்கள் என்றால் வேறு டீலரிடம் போவது நல்லது.

மேனுவலில் உட்கார்ந்ததும் எஞ்சினைக் கிளப்பாமலேயே கிளட்சை முழுவதுமாக மிதித்துப் பாருங்கள். மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும், அதற்கேற்ப இருக்கையை முன்னே நகர்த்துங்கள். பிறகு பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் பாருங்கள். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, பாதத்தின் வெளி ஓரம் ஆக்சிலரேட்டரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே எஞ்சினை ஒரு நொடி உயர்த்திக் கீழ் கியருக்கு இறங்கும் ஹீல் அண்ட் டோ முறைக்கு இந்த இடைவெளி முக்கியம். சூப்ரா, எம்2, நிசான் இசட், போர்ஷே 911 ஆகியவற்றின் மேனுவல்களில் இந்த ஆர்பிஎம் உயர்த்தலைக் காரே செய்துகொடுக்கும். ஜிஆர்86இலும் எம்எக்ஸ்-5இலும் அந்த வசதி இல்லை, உங்கள் கால்தான் செய்ய வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கை டிரைவ் நிலையில் மட்டும் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மேனுவல் நிலைக்கு மாற்றி, ஸ்டியரிங்கின் பின்னுள்ள பேடிலை இழுத்ததற்கும் கியர் மாறுவதற்கும் இடையே தாமதம் எவ்வளவு என்று கவனியுங்கள். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தபடி இரண்டு கியர்களை அடுத்தடுத்து இறக்கிப் பாருங்கள். இரண்டாவது இழுப்பை கியர்பாக்ஸ் ஏற்கிறதா, மறுக்கிறதா என்பது முக்கியம். மறுத்தால் வளைவின் நடுவில் நீங்கள் எதிர்பார்க்காத கியரில் இருப்பீர்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால் உங்களைக் கேட்காமல் கீழே இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறுதியாக, நெரிசலில் பிரேக்கை மெல்ல விட்டு ஊர விடுங்கள், உதறல் இருந்தால் அது பழகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

படி 6: செலவும் மறுவிற்பனையும்

மேனுவலில் கிளட்ச் தேயும் பொருள், என்றாவது மாற்றியாக வேண்டும். டூயல் கிளட்சில் குறித்த இடைவெளியில் எண்ணெய் மாற்றத் தவறினால் பழுது பெரிதாகும். பழைய கார் வாங்குபவர் பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன்: ஜிஆர்86, எம்எக்ஸ்-5 இரண்டுக்கும் மேனுவல்தான், அதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. தினமும் ஓட்டும் காராக எம்2 வாங்கினால் ஆட்டோமேட்டிக் எடுப்பேன். ஜிடி3ஐப் பந்தயத்தளத்தில் நேரம் குறைக்க வாங்குபவர் பிடிகேயையும், மலைச்சாலைக்கு வாங்குபவர் மேனுவலையும் எடுக்கலாம்.

பின்னர் சேர்த்தவை

பழைய ஜிஆர்86 தேடும் வாசகர் ஒருவர் ஐசைட் பற்றிக் கேட்டிருந்தார். அமெரிக்காவில் 2022, 2023 மாடல்களின் மேனுவலில் இந்த ஓட்டுநர் உதவி அமைப்பு கிடையாது, ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே உண்டு. 2024 மாடலிலிருந்து மேனுவலிலும் வருகிறது. தானியங்கி அவசர பிரேக் அவசியம் என்று நினைப்பவர் ஆண்டைக் கவனித்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் ஓட்டப் பழகி அமெரிக்கா வந்தவர்கள், வலது கையால் கியர் மாற்றுவது கடினமா என்று கேட்கிறார்கள். மிதிகளின் வரிசை இரு நாடுகளிலும் ஒன்றுதான் என்பதால் கால்களுக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. கியர் வரிசையும் மாறுவதில்லை, முதல் கியர் இங்கும் இடப்பக்க மேல்மூலையில்தான். ஆனால் இந்தியாவில் நம்மை நோக்கி இருந்த ஐந்தாவது கியர் இங்கு நம்மைவிட்டு விலகி இருக்கும். காலியான வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்துக்கொண்டு, கண்ணை முன்சாலையில் வைத்தபடி இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கும் மாற்றிப் பழகுங்கள். கியர் நெம்புகோலை அழுத்தித் தள்ள வேண்டாம், உள்ளங்கையால் மெல்ல வழிகாட்டினால் நடுவிலுள்ள சுருள்வில் அதைத் தானே மூன்றாவதுக்கு நேராகக் கொண்டுவந்துவிடும்.

சிங்கப்பூரில் 3ஏ வகை உரிமமும் மலேசியாவில் டிஏ வகை உரிமமும் வைத்திருப்பவர்கள் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். அவர்கள் மேனுவல் காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.