கடைசி மாதங்களில் பிள்ளைத் துடிப்பு மாறினால் என்ன செய்வது, எப்போது வெளிக்கிடுவது

காலையிலிருந்து வயிற்றில் பிள்ளை வழமை மாதிரித் துடிக்கவில்லையே என்ற யோசனையோடுதான் இதை வாசிக்கத் தொடங்கினீர்கள் என்றால், மிச்சத்தை வாசிக்க வேண்டாம். கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு பிரசவ வார்ட் உள்ள ஆசுபத்திரிக்கு வெளிக்கிடுங்கள். இரவு என்றாலும், போயா லீவு என்றாலும், நாளைக்குக் கிளினிக் நாள்தானே என்றாலும் இப்போதே போங்கள். மற்றவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

முதலில் எது வழமை என்று பார்ப்போம். அசைவு தெரியத் தொடங்குவது பொதுவாக 16 முதல் 24 கிழமைக்குள். தலைப்பிள்ளைக்கு 20 தாண்டியும் போகும், இரண்டாவது பிள்ளை என்றால் முந்தியே பிடிபடும். 24 கிழமையாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லியே ஆக வேண்டும். அதற்குப் பிறகு 32 கிழமை வரை துடிப்பு கூடிக்கொண்டே போய், பிறகு கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான கணக்குக் கிடையாது. ஒரு பிள்ளை விடியப்புறம் உதைக்கும், இன்னொன்று நீங்கள் இராச்சாப்பாடு முடித்துச் சரிந்து படுத்த பிறகுதான் தன் வேலையைத் தொடங்கும். வயிற்றுக்குள்ளும் நித்திரை உண்டு. ஒரு நித்திரை 20 முதல் 40 நிமிடம், சுகமான பிள்ளை ஒரேயடியாக 90 நிமிடத்துக்கு மேல் அடங்கிக் கிடப்பது அரிது. இந்தப் பழக்கமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், டொக்டருக்குத் தெரியாது. அதனால் "வழமையை விட மாறியிருக்கு" என்று நீங்கள் சொல்வதே போய்க் காட்டுவதற்குப் போதுமான காரணம்.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டுக்கு வீடு சொல்வார்கள்: "ஒன்பதாம் மாசம் வந்தா இடம் காணாது, புள்ள அடங்கிரும்." மாமி சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், காத்தான்குடிப் பக்கம் என்றால் உம்மம்மா சொல்வார். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது பிழை. இடம் நெருங்க நெருங்கத் துடிப்பின் விதம் மாறலாம், அதாவது குத்தும் உதையும் குறைந்து உருளுவது, நெளிவது, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்பது கூடலாம். ஆனால் துடிப்பு குறையக் கூடாது. நோவு தொடங்கும் வரை, நோவு நேரத்திலும்கூட, பிள்ளை துடிக்க வேண்டும். நஞ்சுக்கொடி வழியாகப் போகிற ஒட்சிசனும் சத்தும் காணாமல் வரும்போது பிள்ளை தன் சக்தியை மிச்சம் பிடிக்கப் பார்க்கும், அப்போது முதலில் குறைவது அசைவுதான். எல்லா நேரமும் அப்படி இல்லை, பெரும்பாலும் போய்ப் பார்த்தால் பிள்ளை சுகமாகவே இருக்கும். ஆனால் வயிற்றிலேயே பிள்ளையை இழந்த தாய்மாரில் பலர் அதற்கு முன் துடிப்பு குறைந்ததைக் கவனித்திருக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

சரி, குறையவில்லை, ஆனால் ஏதோ வித்தியாசமாக அசைகிறது என்றால்? அதில் முக்கால்வாசி பயப்பட ஒன்றுமில்லாதவை. ஒரே இடத்தில், ஒரே சீராக, டக் டக் என்று சில நிமிடம் தெரிந்தால் அது விக்கல், ஒரு நாளைக்குப் பல தடவை வந்தாலும் பரவாயில்லை, துடிப்புக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம். அம்மன் கோயில் சடங்கில் பறை முழங்கும்போதோ வெடி போடும்போதோ பிள்ளை திடுக்கிட்டுத் துள்ளலாம், அதற்குக் காது கேட்கிறது. ஒரு விநாடி உடம்பு முழுக்க நடுங்கினது போல ஒரு சிலிர்ப்பு வந்து அடங்குவதும் பெரும்பாலும் இந்தத் திடுக்கிடும் பழக்கம்தான். தலை கீழிறங்கிய பிறகு அடியில் சுரீரென்று ஊசி ஏற்றினது மாதிரி ஒரு வலி வந்து போகும். வயிறு இறுகிக் கல்லாகித் தளர்வது பிள்ளையின் அசைவு இல்லை, கருப்பை இறுகுவது. ஆனால் 37 கிழமைக்கு முன்னர் அது ஒழுங்காக, விட்டு விட்டு, கூடிக்கொண்டு வந்தால் உடனே போக வேண்டும். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால் முந்தின மாதங்களில் துடிப்பு மங்கலாகத் தெரிந்திருக்கும். அது வேறு. இருந்த துடிப்பு குறைவதற்கு அதைக் காரணமாகச் சொல்லி வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. துடிப்பு திடீரென்று கூடிப்போவதையும் கவனிக்க வேண்டும். நன்றாக விளையாடுகிற பிள்ளை தினமும் பலமாகத்தான் உதைக்கும், அது நல்லது. ஆனால் இதுவரை இல்லாத வேகத்தில், வெறி பிடித்த மாதிரி, விடாமல் அடித்துவிட்டுப் பிறகு ஒரேயடியாக அடங்கிப்போனால், "நல்லா விளையாடிட்டுக் களைச்சுப் படுத்திருக்கு" என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதுவும் ஆசுபத்திரிக்குப் போக வேண்டிய மாற்றம்தான்.

குறைந்ததா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத நேரத்தில், அதுவும் வீட்டு வேலையில் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று தோன்றினால், இப்படிச் செய்யுங்கள். சலம் கழித்துவிட்டு, இடது பக்கம் சரிந்து, தலையணையை வயிற்றுக்குக் கீழே அண்டக் கொடுத்துப் படுங்கள். டிவியையும் போனையும் நிறுத்துங்கள், மூத்த பிள்ளையை யாரிடமாவது கொடுங்கள். மணியைப் பார்த்துக்கொண்டு ஒரு கிண்ணத்தில் 10 புளியங்கொட்டை வைத்து, ஒவ்வொரு தனித் துடிப்புக்கும் ஒன்றை வெளியே எடுத்து வையுங்கள். நெளிவு, உருளல், உதை எல்லாம் கணக்கு, தொடர்ந்து வருகிற ஒரே அசைவு ஒன்றுதான். 2 மணித்தியாலத்துக்குள் கிண்ணம் காலியாகவில்லை என்றால் வெளிக்கிடுங்கள். ஒரு அசைவுமே இல்லை என்றால் 2 மணித்தியாலம் காத்திருக்கத் தேவையில்லை. 10 வந்தும் மனம் ஆறவில்லை என்றாலும் போகலாம், எண்ணிக்கையை விட உங்கள் மனதுக்குப் படுவது பெரிது.

காலையிலிருந்து எண்ணத் தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் 10 வருகிறதா என்று பார்க்கும் முறையும் இருக்கிறது, கிளினிக்கில் அப்படிச் சொல்லியிருந்தால் தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் வழமையில் 10 மணிக்கே முடிகிற கணக்கு ஒரு நாள் பின்னேரம் வரை இழுபடுகிறது என்றால், 12 மணித்தியாலம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனிச் செய்யக் கூடாதவை. சீனி கூடப் போட்ட தேத்தண்ணி குடித்துப் பார், குளிர்த்தண்ணி குடித்துப் பார், இளநீர் குடித்துப் பார் என்பார்கள். குடிப்பதில் தப்பில்லை, ஆனால் குடித்துவிட்டு ஒரு அசைவு வந்ததும் "எல்லாம் சரி" என்று முடிவெடுப்பதுதான் ஆபத்து. இணையத்தில் வாங்குகிற கையடக்க டொப்ளர் கருவியோ போன் செயலியோ வேண்டாம். தாயின் இரத்த ஓட்டச் சத்தத்தைப் பிள்ளையின் இதயம் என்று நினைத்து நிம்மதியாகிவிட முடியும். அதோடு, இதயம் அடிக்கிறது என்பதால் மட்டும் பிள்ளை சுகமாக இருக்கிறது என்று ஆகாது. வயிற்றைப் பிடித்து உலுக்குவது, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது இரண்டும் கூடாது. நோன்பு பிடித்திருக்கும் நாளில் துடிப்பு குறைந்தால் மஃரிப் வரை பொறுக்க வேண்டாம், கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. நோன்பை விட்டுவிட்டுப் போங்கள்.

இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைவது, விடாத வயிற்றுவலி, கடும் தலையிடி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விழுந்து வயிற்றில் அடிபடுவது, உள்ளங்கை உள்ளங்காலில் தாங்க முடியாத கடி (அரிப்பு), காய்ச்சல். இதில் ஏதாவது இருந்தால் துடிப்பு நன்றாக இருந்தாலும் உடனே போக வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் டெங்கு வரும், கர்ப்பிணியின் காய்ச்சலை ஒரு நாள்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

போவது எப்படி என்பதை ஏழாம் மாதத்திலேயே யோசித்து வையுங்கள். மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவருக்குப் போதனா வைத்தியசாலை ஓட்டோ தூரம். படுவான்கரையில், வெல்லாவெளியில், வாகரையில் இருப்பவருக்கு அது வேறு கதை. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் றோட்டு மூடும், சில ஊர்களில் இரவில் யானை நிற்கும். 36 கிழமைக்குப் பிறகு, வெள்ளக் காலமாக இருந்தால், ஆசுபத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குவது பற்றி மிட்வைஃப் மிஸ்ஸோடு கதையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், ஓட்டோ கிடைக்காவிட்டால் தயங்காமல் எடுங்கள். பிரசவ வார்ட் களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆசுபத்திரிகளிலும் இருக்கிறது. கிட்ட இருப்பது சின்ன ஆசுபத்திரி மட்டும்தான் என்றால் அங்கேயே போங்கள், பார்த்துவிட்டு அவர்களே பெரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவார்கள்.

அங்கே போனதும் "வயித்துக்க ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லாதீர்கள். "எனக்கு 35 கிழமை, நேற்று இரவிலிருந்து பிள்ளைத் துடிப்பு குறைவு" என்று கிழமை, நேரம், மாற்றம் மூன்றையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அம்பாறைப் பொது வைத்தியசாலையில் தமிழ் தெரிந்தவர் உடனே கிடைக்காவிட்டால் சிங்களத்தில் "பபா தங்கலனவா அடுயி" (பிள்ளை துடிப்பது குறைவு) என்றால் விளங்கிக்கொள்வார்கள். இதயத் துடிப்பைக் கேட்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், வயிற்றை அளப்பார்கள், பிறகு வயிற்றில் இரண்டு பட்டி கட்டி சிடிஜி என்கிற மெஷினில் குறைந்தது 20 நிமிடம் போல பிள்ளையின் இதயத் துடிப்பைக் கடதாசியில் எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சியும் தண்ணீர் அளவும் பார்ப்பார்கள். ஒன்றும் வலிக்காது, அரசாங்க ஆசுபத்திரியில் காசும் இல்லை.

எல்லாம் சரி என்று வீட்டுக்கு விட்ட பிறகு, இரண்டு நாளில் திரும்பவும் குறைந்தால் திரும்பவும் போங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வெட்கப்பட்டு நின்றுவிடுகிறார்கள், யாராவது ஒரு நேர்ஸ் முகம் சுளித்திருந்தால் இன்னும் கூடத் தயங்குவார்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். "முதலும் வந்தேன், இது இரண்டாவது தடவை" என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பக் குறைவதை டொக்டர்மார் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். வீட்டுக்காரரும் மாமியும் இதை வாசித்தால் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கர்ப்பிணி "போகணும்" என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.