கேன்வாஸ் தையல்ல கை இறுகாம இருக்க

எங்க ஊரு பாம்பன் பக்கம். சின்ன வயசுல மாமா கூட உக்காந்து வலை பொத்திப் பழகின கை, முடிச்சு நழுவக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் சுண்டி இழுத்தே பழக்கம், அதே கையோட கேன்வாஸ்ல, அதாவது கட்டம் கட்டமா ஓட்டை (கண்) உள்ள விறைப்பான துணியில, உல்லன் நூலால படம் தைச்சா என்னாகும், சதுரமா ஆரம்பிச்ச படம் முடியறப்ப சாஞ்ச பாய் மாதிரி ஒரு பக்கமா போயிருச்சு. வலையில முடிச்சு இறுகணும், கேன்வாஸ்ல நூல் கண்ணை நிரப்பிட்டு சும்மா உக்காரணும்.

இறுக்கமா இருக்கான்னு பாக்க வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிங்க. கண்ணு பெருசாகி தையலுக்கு நடுவுல கேன்வாஸ் இழை வெள்ளையா தெரிஞ்சா ஓவரா இழுக்குறீங்க. விரலால தடவுறப்ப நூல் வளையமா மேல வந்தா தொளதொளன்னு விடுறீங்க.

கோணலுக்கு கை மட்டும் காரணமில்ல, தையலும்தான். டென்ட் தையல்னா ஒரு கண்ணுல இருந்து மூலைவாக்குல அடுத்த கண்ணுக்குப் போற சின்ன சாய்வு தையல், அதை மூணு விதமா போடலாம், முன்பக்கம் மூணும் ஒரே மாதிரி சாஞ்சுதான் தெரியும். ஹாஃப் கிராஸ்ல நூல் மிச்சம், கான்டினென்டல்ல நூல் கூட செலவு, ஆனா ரெண்டுமே கேன்வாஸை மூலைக்கு இழுக்கும். பெரிய பேக்ரவுண்டுக்கு மூணாவது விதமான பாஸ்கெட்வீவ்தான் போடுங்க. குறுக்கா மூலை வாக்குல வரிசை போகும், ஏறும்போது ஊசி பின்னாடி படுக்கையா, இறங்கும்போது நேரா கீழ, திருப்பிப் பாத்தா அப்படியே ஓலைப்பாய் பின்னல். ரெண்டு வரிசை அடுத்தடுத்து ஒரே திசையில போச்சுன்னா முன்னாடி ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுரும், அதனால வேலையை நிறுத்துறப்ப வரிசை பாதியில நிறுத்துங்க, எந்தப் பக்கம் போனோம்னு மறக்காது.

ஃப்ரேம்ல மாட்டிட்டு மேல ஒரு குத்து கீழ ஒரு குத்துன்னு ரெண்டு தடவையா இழுங்க, துணி தைக்கிற மாதிரி ஒரே குத்துல எடுத்தா கேன்வாஸ் மடங்கும். நூல் ஒரு முழம் போதும், அதுக்கு மேல போனா கண்ணுல உரசி உரசி பிசிர் அடிச்சு மெலிஞ்சுரும். முறுக்கிக்கிச்சுன்னா ஊசியை தொங்க விடுங்க, தானா சுத்தி பிரிஞ்சுக்கும்.

நூல் தடிமன் சரியில்லன்னா எவ்ளோ பக்குவமா இழுத்தாலும் வீண். இஞ்சுக்கு 10 கண் இருந்தா டேப்பஸ்ட்ரி உல்லன், 18 நம்பர் மொட்டை ஊசி. 14 கண்ணுக்கு 20 நம்பர் ஊசி, எம்பிராய்டரி நூல்னா 6 இழையும் வேணும், ஒவ்வொண்ணா உருவிப் பிரிச்சு மறுபடி சேத்துப் போட்டா பஞ்சு மாதிரி விரிஞ்சு நல்லா மூடும்.

இப்ப டெக்ஸ்சர், அதாவது தையலால மேடு பள்ளம் காட்டுறது, எனக்குப் பிடிச்ச இடம். பேக்ரவுண்டு தட்டையா இருந்தாதான் மேடு எடுப்பா தெரியும், எல்லா இடத்துலயும் மேடு போட்டா சந்தைக்கடைதான். கடல் படம்னா அலைக்கு பார்ஜெல்லோ, நேர் தையலை ஏத்தி இறக்கிப் போகணும், ஆனா நேர் தையல் சாய்வு தையல் அளவுக்கு மூடாது, நூலை ஒரு சுத்து தடியா எடுங்க. மணலுக்கு ஃப்ரெஞ்ச் நாட், ஊசியில நூலைச் சுத்திப் போடுற குட்டி முடிச்சு; பாறைக்கு ஸ்மிர்னா கிராஸ், பெருக்கல் குறி மேல கூட்டல் குறி போடுற தையல். படகுக்கு பெர்ல் காட்டன் வச்சேன், முறுக்கு நூல் அது, பிரிக்காம அப்படியே போட்டா நிமிந்து நின்னு பளபளன்னு இருக்கும்.

முடிஞ்சப்புறம் உல்லன் படம் லேசா சாஞ்சிருந்தா, முதல்ல ஓரத்துல ஒரு இழையை நனைச்சு சாயம் போகுதான்னு பாத்துட்டு, ஈரத் துணியால ஒத்தி, பலகையில சதுரம் வரைஞ்சு அதுக்கேத்த மாதிரி இழுத்து பின் அடிச்சு நிழல்ல காய விடுங்க. நம்ம கடக்காத்துல லேசுல காயாது, ஈரத்தோட எடுத்தா பழைய கோணலுக்கே போயிரும். அப்புறம் ராத்திரி ஊசியை படத்துலயே குத்தி வச்சுட்டு தூங்காதீங்க, உப்புக்காத்துக்கு துருக்கறை புடிச்சா போகவே போகாது.