ஜப்பானிய வாட்பயிற்சியைத் தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சிலம்பமும் அடிமுறை என்னும் நம் ஊர்த் தற்காப்புக் கலையும் புதியவை அல்ல. கம்பு பிடித்துப் பழகிய கைக்கு ஜப்பானிய வாள் எளிதில் வசப்படும் என்று இங்கே பலர் எண்ணுவது அதனால்தான். ஆசானிடம் காட்டும் பணிவும் பொறுமையும் மூச்சடக்கமும் நிச்சயமாகத் துணை நிற்கும். ஆனால் பாதமும் இடது கையும் முதலிலிருந்து பழகியாக வேண்டும். முதல் சில மாதங்களை இந்த இரண்டுக்காகவே ஒதுக்குங்கள் என்பதுதான் என் உறுதியான பரிந்துரை.

எதைக் கற்பது என்பது முதல் கேள்வி. கெண்டோவில் கவசம் அணிந்து, ஷினாய் எனப்படும் மூங்கில் வாளால் எதிராளியின் தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய இடங்களைக் குறிவைக்கிறார்கள். இயாய்டோவில் தனியாக நின்றோ மண்டியிட்டோ, உறையிலிருந்து வாளை உருவி, வெட்டி, மீண்டும் உறையிலிடும் அசைவுகளைப் பயில்கிறார்கள். இவை தவிர, மரவாளைக் கொண்டு இருவராகப் பயிலும் பழைய மரபுகளும் உண்டு. உங்களுக்கு எதில் நல்ல ஆசிரியர் கிடைக்கிறாரோ அதைத் தேர்ந்தெடுப்பதே சரி. அவர் யாரிடம் பயின்றார், எந்த மரபைச் சேர்ந்தவர், என்ன தரம் பெற்றிருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். ஆசிரியரைத் தேடி வெளியூர் செல்ல நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் அவர் சொல்லும் ஒரு திருத்தத்தை மட்டும் மனத்தில் வாங்கி வந்து, அடுத்த சந்திப்பு வரை வீட்டில் அதையே பயிலுங்கள்.

வாங்க வேண்டிய பொருள் பொக்கென் எனப்படும் மரவாள் ஒன்று மட்டுமே. அது ஏறக்குறைய 102 சென்டிமீட்டர் நீளமுள்ளது, பெரும்பாலும் ஓக் மரத்தில் செய்யப்படுவது. சுவரில் மாட்டுவதற்காக விற்கப்படும் அலங்கார வாள்களைப் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது, ஏனெனில் வீசும்போது அவற்றின் அலகு பிடியிலிருந்து கழன்று பறக்கக்கூடும். கூர்மையான வாள் தொடக்கநிலையில் தேவையே இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். இயாய்டோவுக்குரிய கூரற்ற உலோக வாளைப் பின்னர் உங்கள் உயரத்தைப் பார்த்து ஆசிரியரே தேர்ந்து சொல்வார். உடைக்குப் பருத்திச் சட்டையும் தளர்வான கால்சட்டையும் போதும்.

இடத்தைத் தேர்வதில் கவனம் தேவை. பாதத்தைத் தரையோடு தேய்த்து நகர்வதே இங்கு அடிப்படை என்பதால், மணல் முற்றம் ஒத்துவராது. சொரசொரப்பான மொட்டை மாடி உள்ளங்காலை உரித்துவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் மாடியில் பாசி படர்ந்து வழுக்கும் மாதங்களும் உண்டு. பழைய வீடுகளின் வழவழப்பான சிவப்புச் சிமெண்டுத் தரை மிகப் பொருத்தமானது. ஆனால் மின்விசிறியும் உத்தரமும் வாளின் வீச்சுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

வலது பாதம் முன்னே, இடது பாதம் பின்னே, இரண்டின் விரல்களும் நேராக முன்னோக்கி இருக்கட்டும். இடது கால்விரல்கள் வலது குதிகாலின் மட்டத்திலும், பாதங்களுக்கு இடையே ஒரு கைமுட்டி (மடக்கிய கை) அகலமும், இடது குதிகால் சற்றே உயர்ந்தும் இருக்க வேண்டும். முன்னேறும்போது வலது கால் வழுக்கிச் செல்ல, இடது கால் உடனே அதைத் தொடரும், ஒருபோதும் அதைக் கடக்காது. அடிமுறையின் சுவடுகளில், அதாவது காலடி வைப்புகளில், பழகியவர்களுக்கு உடலைத் தாழ்த்திக் காலை விரிக்கத் தோன்றும். அந்தப் பழக்கத்தை இங்கே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இடது கையின் சுண்டுவிரல் பிடியின் கடைசி விளிம்பில் அமைய வேண்டும். இடது கைமுட்டி தொப்புளுக்கு முன்னால் ஒரு கைமுட்டி தூரத்தில் நிற்க வேண்டும். ஈரத் துவர்த்தை (துண்டை) பிழியும்போது இரு கைகளும் உள்நோக்கித் திரும்புவதைப் போலப் பிடித்து, சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் அழுத்தம் கொடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் தளர்த்திவிடுங்கள். வலது கை வழிகாட்டுமே தவிர இழுக்கக்கூடாது. சில வாரங்களில் உள்ளங்கையைப் பாருங்கள்: இடது சுண்டுவிரல், மோதிரவிரல்களின் அடியில் தோல் தடித்திருந்தால் பிடி சரியாக இருக்கிறது, வலது கையில் கொப்புளம் எழுந்திருந்தால் அந்தக் கைதான் வேலை செய்கிறது என்று பொருள்.

சிலம்பத்தில் மணிக்கட்டைச் சுழற்றிக் கம்புக்கு வேகம் ஏற்றுவோம். இங்கே வாள் உடலின் நடுக்கோட்டிலேயே ஏறி, அதே கோட்டில் இறங்க வேண்டும். இடது கைமுட்டி நெற்றிக்கு மேல் எழும் வரை உயர்த்தி, தோளிலிருந்து வெட்டி, எதிராளியின் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி முன் நின்றால் நுனி பக்கவாட்டில் சாய்வது உடனே தெரிந்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடக் குறைவாக, நிதானமாக, தினமும் செய்வதே பயன் தரும். வலது தோளோ முழங்கையோ வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

இருவர் எதிரெதிரே நின்று பயில்வதை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யுங்கள். 1612இல் நடந்த நேர்மோதலில் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி, இன்னொரு வாள்வீரரான சசாகி கொஜிரோவை வீழ்த்தியது மரவாளால்தான் என்று ஜப்பானிய மரபு சொல்கிறது. பொக்கென் எலும்பை முறிக்கும் ஆயுதம் என்பதில் ஐயமே வேண்டாம். ஒவ்வொரு நாளும் தொடங்குமுன் அதன் மீது ஒரு பருத்தித் துணியை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நூல் சிக்கும் இடத்தில் சிராயோ விரிசலோ இருக்கும்: சிராயை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், விரிசல் கண்ட வாளை மீண்டும் கையில் எடுக்கக்கூடாது.